சினிமால காட்டுற அந்த நீல வெளிச்சம் நிஜமா? ரத்தக்கறை டெஸ்ட் பத்தி தெரிஞ்சவங்க வாங்க

கரூர்_கதைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கேன், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து கைக்காசு போட்டு எடுக்கறோம். கதைல ஒரு வீட்டுல கொலை நடக்குது, வில்லன் தரையை கழுவி விட்டுட்டு சட்டையையும் துவைச்சு காயப்போட்டுடறான். ரெண்டு நாள் கழிச்சு போலீஸ் வருது, லைட்டை அணைச்சுட்டு ஏதோ ஸ்ப்ரே அடிக்கறாங்க, தரை ஃபுல்லா நீலமா மின்னுது, உடனே இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்து மாட்டிடறார். இதான் க்ளைமாக்ஸ். என் ரூம்மேட் படிச்சுட்டு இங்கிலீஷ் சீரியல் பார்த்து எழுதினியாடான்னு கேட்டு மானத்தை வாங்கிட்டான்.

அதனால கேக்கறேன். அந்த நீல வெளிச்சம் நிஜமாவே வருமா? வந்தா அது ரத்தம்தான்னு அர்த்தமா? யார் ரத்தம்னு அங்கயே தெரியுமா இல்ல நாளாகுமா? அப்புறம் சில படத்துல ஊதா கலர் டார்ச் அடிச்சாலே ரத்தம் பளபளன்னு தெரியுதே, அது வேற டெக்னிக்கா? நெட்டுல தேடினா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருக்கு. இந்த ஃபீல்டுல இருக்கறவங்க யாராச்சும் இருந்தா ப்ளீஸ்.


வேதியல்_வாத்தி:

தம்பி, வெளிச்சம் நிஜம்தான். அந்த ஸ்ப்ரேக்கு பேரு லூமினால். அதை காரமான கரைசல்ல ஹைட்ரஜன் பெராக்சைடோட சேர்த்து அடிப்பாங்க, ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின்ல இரும்பு இருக்குல்ல, அந்த இரும்பு இந்த ரியாக்‌ஷனை தூண்டி விடும், அப்ப வெளியாகற சக்தி சூடா வராம ஒளியா வருது, அதான் நீலம். 1928லயே ஆல்பிரெக்ட்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட் இந்த ஒளியை பத்தி எழுதிட்டார், குற்றம் நடந்த இடத்துல ரத்தம் தேட உபயோகப்படுத்தலாம்னு 1937ல ஷ்பெக்ட்னு இன்னொருத்தர் செஞ்சு காட்டினார். ஆக இது ஒண்ணும் புது சமாச்சாரம் இல்ல.

சினிமால தப்பா காட்டறது ரெண்டு. ஒண்ணு, ஒளி அப்படியே நின்னு எரியாது, அரை நிமிஷம் போல இருந்துட்டு மங்கிடும், அதுவும் ரூம் கும்மிருட்டா இருந்தாதான் கண்ணுக்கே தெரியும். அதனால கேமராவை ஸ்டாண்டுல வெச்சு ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெச்சு போட்டோ எடுப்பாங்க, ஹீரோ டயலாக் பேசி முடிக்கறதுக்குள்ள வெளிச்சம் போயிடும். ரெண்டாவது அந்த ஊதா டார்ச். அல்ட்ரா வயலட்ல ரத்தம் மின்னவே மின்னாது, அது ஒளியை உறிஞ்சிக்கற சாமான், அதனால கருப்பு திட்டாதான் தெரியும். விந்து, எச்சில், சிறுநீர் இந்த மாதிரிதான் அந்த வெளிச்சத்துல மின்னும். ரத்தம் பளபளக்குதுன்னு காட்டினா அது ஆர்ட் டைரக்டர் வேலை.

கழுவின தரைன்னு சொன்னீங்க. லூமினாலோட பலமே அங்கதான், கண்ணுக்கு சுத்தமா தெரியாத அளவு நீர்த்துப் போனதையும் பிடிக்கும். பழைய காஞ்ச கறை சில சமயம் புதுசை விட நல்லாவே மின்னும்.

ஆனா முக்கியமான விஷயம், மின்னினது எல்லாம் ரத்தம் இல்ல. பாத்ரூம் கழுவற ப்ளீச்சிங் பவுடர் மின்னும், செம்பு பித்தளை மின்னும், முள்ளங்கி மாதிரி சில காய்கறில இருக்கற என்சைம் கூட மின்ன வைக்கும். வாசல்ல நாய் குரைச்சா திருடன்தான்னு சொல்ல முடியாது, கொரியர்காரனா கூட இருக்கலாம், அந்த கதைதான் இது. இங்க கொஞ்சம் பாருங்கன்னு கை காட்டும், அவ்ளோதான் லூமினால்.


சும்மா_எட்டிப்_பார்த்தேன்:

அப்ப சாம்பாருக்கு முள்ளங்கி நறுக்கின எங்கம்மா கிச்சன்ல ஸ்ப்ரே அடிச்சா அம்மா உள்ள போயிடுவாங்களா 😂


வேதியல்_வாத்தி:

@சும்மா_எட்டிப்_பார்த்தேன் அடுத்த டெஸ்ட்லயே வெளிய வந்துடுவாங்க, பயப்படாதீங்க.


சீராலஜி_பெரியவர்:

அந்த அடுத்த டெஸ்ட் பத்தி நான் சொல்றேன், தடய அறிவியல் லேப்ல சீராலஜி, அதாவது ரத்தம் மாதிரி கறைகளை சோதிக்கற பிரிவுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். எந்த லேப்புன்னு கேக்காதீங்க.

முதல்ல தம்பி ஒண்ணு புரிஞ்சுக்கணும், நம்ம ஊர்ல லூமினால் அடிக்கறது எல்லா கேசுலயும் நடக்கற விஷயம் இல்ல. பெரும்பாலும் கறை கண்ணுக்கே தெரியும், சந்தேகமா இருந்தா ஃபினாப்தலின் டெஸ்ட் பண்ணுவோம். சின்ன ஃபில்டர் பேப்பரை மடிச்சு கறை மேல லேசா தேய்ச்சு எடுத்து அதுல ஒரு சொட்டு ஆல்கஹால், அப்புறம் நிறமில்லாத ஃபினாப்தலின் கரைசல் ஒரு சொட்டு. இங்க நிறுத்தி பார்க்கணும். இப்பவே ரோஸ் கலர் வந்துட்டா அதை ரத்தம்னு எடுத்துக்க முடியாது, துருவோ ப்ளீச்சோ வேற ஏதோ கலந்திருக்கலாம். எதுவும் வரலைன்னாதான் கடைசியா ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடறது, விட்ட உடனே சில செகண்டுல பளிச்னு ரோஸ் வந்தா ரத்தமா இருக்கலாம். பேப்பரை மேஜைல போட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா சும்மா இருக்கற பேப்பரும் காத்து பட்டு ரோஸ் ஆகியிருக்கும், அதை எடுத்துக்கக்கூடாது. புதுசா வர்ற பசங்களுக்கு இதை சொல்லி சொல்லி வாய் வலிச்சுப் போகும். எங்களுக்கு முன்னாடி தலைமுறை பென்சிடின்னு ஒண்ணு வெச்சு நீல கலர் பார்த்தாங்க, அது கேன்சர் வரவழைக்கும்னு தெரிஞ்சதும் கைவிட்டாச்சு.

இதுவும் இருக்கலாம்தான், உறுதி இல்ல. உறுதிக்கு டாக்கயாமா டெஸ்ட். கறையை துளி சுரண்டி கண்ணாடி ஸ்லைடுல வெச்சு கரைசல் விட்டு லேசா சூடு காட்டினா மைக்ரோஸ்கோப்புல ஆரஞ்சு சிவப்பு கலர்ல ஊசி ஊசியா படிகம் தெரியும். அது வந்துட்டா ரத்தம்தான்.

அப்புறம் மனுஷ ரத்தமா மிருக ரத்தமா. நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம், பிடிபட்டவன் சொல்ற முதல் சமாதானமே "கோயில்ல கிடா வெட்டினோம் சார், அந்த ரத்தம்"தான். இதே மாதிரி ஒரு சமாதானத்தை உடைச்சுதான் இந்த டெஸ்டுக்கே பேர் வந்துச்சு. 1901ல ஜெர்மனில ரூகன் தீவுல ரெண்டு பையன்களை கொன்ன கேஸ், மாட்டினவன் தச்சு வேலைக்காரன், துணில இருக்கறது மரத்துக்கு அடிக்கற சாயம்னு சொன்னான். அந்த வருஷம்தான் ஊலன்ஹுத்னு ஒரு டாக்டர் மனுஷ ரத்தத்தையும் மிருக ரத்தத்தையும் பிரிச்சுக் காட்டற முறையை வெளியிட்டிருந்தார், அவர்கிட்ட துணி போச்சு, சில கறை ஆட்டு ரத்தம் சில கறை மனுஷ ரத்தம்னு பிரிச்சு எழுதிட்டார். அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி அதே ஊருல ஆடுகளை யாரோ வெட்டிப் போட்டிருந்தாங்க, ரெண்டும் ஒரே ஆள் வேலைன்னு சேர்ந்து வந்துடுச்சு.

செய்முறை சிம்பிள்தான். கறையை உப்புத்தண்ணில ஊற வெச்சு சாறு எடுக்கணும், மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல மனுஷ ரத்தத்துக்கு எதிரான சீரத்தை (மனுஷ ரத்தத்தோட மட்டும் சேர்ந்து கட்டற திரவம்) அடில விட்டு மேல இந்த சாறை மெதுவா இறக்கணும், மனுஷ ரத்தமா இருந்தா ரெண்டும் தொடற இடத்துல வெள்ளையா மோதிரம் மாதிரி ஒரு வளையம் கட்டும். இப்ப இதுக்கெல்லாம் கிட் வந்துடுச்சு, பிரெக்னன்சி டெஸ்ட் அட்டை மாதிரி கோடு விழுது.

துவைச்ச சட்டை கேட்டீங்களே. நெஞ்சுப் பக்கம் சுத்தமா போயிருக்கலாம், நாங்க அங்க தேடவே மாட்டோம். காலர் மடிப்பு, பாக்கெட் தையல், பட்டன் அடில இருக்கற நூல் முடிச்சு, கைமடிப்பு உள்பக்கம், இங்கதான் தேங்கும். அருவாள்னா இரும்பு பளபளன்னு இருக்கும், மரப்பிடியை கழட்டினா உள்ள இருக்கும். செருப்புக்கு அட்டையும் மேல்தோலும் ஒட்டற இடுக்கு.


கரூர்_கதைக்காரன்:

ஐயா, கோடி நன்றி. பட்டன் அடி நூல் முடிச்சு ஒண்ணு போதும், என் க்ளைமாக்ஸ் அங்க போயிடுச்சு. இன்னும் ஒரு சந்தேகம், மனுஷ ரத்தம்னு தெரிஞ்ச பிறகு யார் ரத்தம்னு எப்படி? பிளட் குரூப் பார்த்தா போதுமா இல்ல டிஎன்ஏதானா? எவ்ளோ நாள் ஆகும்?


சீராலஜி_பெரியவர்:

குரூப் பார்க்கறது இன்னிக்கும் உண்டு. கறை பட்ட துணில இருந்து ஒரு நூலை உருவி சின்ன சின்னதா வெட்டி ஏ, பி குரூப்புக்கு எதிரான சீரத்துல தனித்தனியா ஊற வெச்சு, குளிர்ந்த உப்புத்தண்ணில நல்லா அலசிட்டு சூடு பண்ணி ஒட்டினதை பிரிச்சு, அதுல தெரிஞ்ச குரூப் ரத்த அணுவை விட்டு கட்டி கட்டுதான்னு மைக்ரோஸ்கோப்புல பார்க்கணும். பொறுமையான வேலை. ஆனா செத்தவர் பி குரூப், சட்டைலயும் பி குரூப்னு வந்தா என்ன ஆச்சு, ஊருல எத்தனையோ பேர் பி குரூப், வில்லனே பி குரூப்பா இருந்தா கை கீறிடுச்சுன்னு சொல்லிட்டு போயிடுவான். குரூப் ஒத்துப் போகலைன்னா இது அவர் ரத்தம் இல்லன்னு அடிச்சு சொல்லலாம், ஒத்துப் போச்சுன்னா பெருசா எதுவும் சொல்ல முடியாது.

அதனால டிஎன்ஏ. ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, சிவப்பணுல நியூக்ளியஸே கிடையாது, டிஎன்ஏ கிடைக்கறது வெள்ளை அணுல இருந்து. அதை பிரிச்சு பிசிஆர்னு நகல் எடுக்கற முறைல பெருக்கி குறிப்பிட்ட சில இடங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற துண்டு எத்தனை தடவை வருதுன்னு எண்ணறது. இதோட ஆரம்பம் இங்கிலாந்துல லெஸ்டர் யூனிவர்சிட்டில அலெக் ஜெஃப்ரிஸ் 1984ல கண்டுபிடிச்சது. முதல் பெரிய கொலைக் கேஸ்லயே அது செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா, ஒத்துக்கிட்டு வாக்குமூலம் கொடுத்த ஒரு பையனை இவன் இல்லன்னு வெளிய விட்டதுதான், அதுக்கப்புறம்தான் ஊரு ஆம்பளைங்க ஆயிரக்கணக்கான பேர்கிட்ட சாம்பிள் எடுத்து நிஜ ஆளை பிடிச்சு 1988ல தண்டனை வாங்கிக் கொடுத்தாங்க. நம்ம நாட்டுல ஹைதராபாத் சிசிஎம்பிங்கற செல் உயிரியல் ஆராய்ச்சி மையத்துல லால்ஜி சிங் ஆரம்பிச்சு வெச்சார்.

நாள் கேட்டீங்க. லேப்ல வேலை சில நாள்தான், க்யூதான் மாசக்கணக்கு. படத்துல "ஆறு மாதங்களுக்குப் பிறகு"ன்னு ஒரு கார்டு போடுங்க, யாரும் குறை சொல்ல மாட்டாங்க.


கோர்ட்_கேன்டீன்_டீ:

ஐயா லேப் பக்கம் சொல்லிட்டார், கோர்ட் பக்கம் நான் சொல்றேன், மதுரை பக்கம் கிரிமினல் சைடு ப்ராக்டிஸ் பண்றேன், பெரும்பாலும் டிஃபன்ஸ்.

கதைக்காரன் தம்பி, உங்க இன்ஸ்பெக்டர் ஸ்ப்ரே அடிச்ச கையோட விலங்கு மாட்டினா எங்களுக்கு கேஸ் ஈசி. ஏன்னா நாங்க லேப் ரிப்போர்ட்டோட கெமிஸ்ட்ரியை தொடவே மாட்டோம், அதுக்கு முன்னாடி பொருள் எப்படி வந்துச்சுன்னுதான் பிடிப்போம். சட்டையை எடுத்தது யாரு, மகஜர், அதாவது பொருளை கைப்பற்றினதுக்கான குறிப்பு, எழுதினது எங்க, சாட்சி கையெழுத்து போட்டது விஏஓவா இல்ல ஸ்டேஷன் வாசல்ல டீக்கடை வெச்சிருக்கவரா, ஃபாரம் 95 போட்டு கோர்ட்டுக்கு பொருள் என்னிக்கு வந்துச்சு, கோர்ட்ல இருந்து லெட்டரோட லேப்புக்கு என்னிக்கு போச்சு, நடுவுல அது யார் பீரோல தூங்குச்சு. ஞாயித்துக்கிழமை எடுத்த சட்டை ரெண்டு வாரம் கழிச்சு கோர்ட்டுக்கு வந்தா அந்த ரெண்டு வாரத்துக்கு ஐ.ஓ., அதாவது விசாரணை அதிகாரி, பதில் சொல்லணும், கூண்டுல அவர் முழிக்கறதை நீங்க படம் எடுத்தா அதான் நிஜ க்ளைமாக்ஸ்.

ரிப்போர்ட்ல அடிக்கடி வர்ற ஒரு வரி உண்டு, "மனித ரத்தம், வகை அறுதியிட்டுக் கூற இயலவில்லை". இந்த ஒரு வரிக்கு ரெண்டு பக்கமும் மணிக்கணக்கா வாதாடுவோம். மத்த சாட்சியம் கெட்டியா இருந்தா குரூப் தெரியலைங்கறதுக்காக மட்டும் கோர்ட் விட்டுடாது, ஆனா அருவாள் ரெக்கவரி ஒண்ணை மட்டும் நம்பி நிக்கற கேஸ்னா கஷ்டம்தான். பழைய எவிடென்ஸ் ஆக்ட்ல செக்‌ஷன் 27, பிடிபட்டவன் சொன்னதை வெச்சு பொருளை எடுக்கறது, எல்லாரும் 27 ரெக்கவரின்னே சொல்லுவோம், இப்ப புது சட்டத்துல 23ல வந்துடுச்சு, கேன்டீன்ல யாரும் 23ன்னு சொல்லி நான் கேட்டதில்ல.

இன்னொண்ணு ஸ்கிரிப்டுக்கு உதவும். 2024 ஜூலை 1ல இருந்து வந்த பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்றவியல் நடைமுறை சட்டத்துல 176(3)னு ஒரு பிரிவு, ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் நிபுணர் ஸ்பாட்டுக்கு வந்தாகணும், தடயம் எடுக்கறதை வீடியோவும் எடுக்கணும், இதை நடைமுறைக்கு கொண்டு வர மாநிலங்களுக்கு அஞ்சு வருஷம் டைம் கொடுத்திருக்காங்க. அதனால இன்ஸ்பெக்டர் கையில ஸ்ப்ரே பாட்டிலை கொடுக்காதீங்க, ஒரு எக்ஸ்பர்ட் கேரக்டரை போடுங்க, பின்னாடி ஒரு கான்ஸ்டபிள் செல்போன்ல வீடியோ எடுத்துட்டு நிக்கட்டும்.


நெல்லை_தம்பி:

அக்கா குரூப் சரி, டிஎன்ஏ ஒத்துப்போச்சுன்னா முடிஞ்சுது இல்லையா? அதுல எப்படி டிஃபன்ஸ் பண்ணுவீங்க, நூறு பெர்சன்ட் ஆச்சே


ஸ்டுட்கார்ட்_சிவா:

@நெல்லை_தம்பி ஜெர்மனில நான் இருக்கற ஊருக்கு பக்கத்துல ஹைல்பிரான்னு ஒரு ஊர், ட்ரெயின்ல போயிட்டு வந்துடலாம். 2007 ஏப்ரல்ல அங்க ரோந்து கார்ல உக்காந்திருந்த ஒரு பெண் போலீஸை தலைல சுட்டு கொன்னுட்டாங்க, கூட இருந்த போலீஸ்காரர் கோமாவுக்கு போய் பிழைச்சார். கார்ல டிஎன்ஏ எடுத்து டேட்டாபேஸ்ல போட்டா ஒரு பொம்பளையோட டிஎன்ஏ, அதுவும் 1993ல ஒரு வயசான அம்மாவை கொன்ன கேஸ்ல டீ கப்புல கிடைச்ச அதே டிஎன்ஏ. அதுக்கப்புறம் பார்த்தா ஜெர்மனி, ஆஸ்திரியா, ஃபிரான்ஸ்னு சுமார் 40 இடத்துல அதே பொம்பளை, கொலை, கார் திருட்டு, வீடு உடைச்சு திருட்டு, எல்லாத்துலயும். ஆனா ஒரு சாட்சி கூட அப்படி ஒரு பொம்பளையை பார்த்ததில்ல. மூணு லட்சம் யூரோ பரிசு அறிவிச்சு தேடினாங்க.

2009ல ஃபிரான்ஸ்ல எரிஞ்சு போன ஒரு ஆம்பளை யாருன்னு கண்டுபிடிக்க அவரோட பழைய அகதி விண்ணப்பத்துல இருந்த கைரேகைல டிஎன்ஏ எடுக்கறாங்க, அதுலயும் அந்த பொம்பளை! அப்பதான் உறைச்சுது. தடயம் எடுக்கற காட்டன் பஞ்சுக்குச்சி இருக்குல்ல, அதை பேக் பண்ற ஃபேக்டரில வேலை பார்த்த ஒரு அம்மாவோட டிஎன்ஏ குச்சிலயே இருந்திருக்கு. குச்சி ஸ்டெரிலைஸ் பண்ணினதுதான், ஆனா ஸ்டெரிலைஸ் பண்ணினா கிருமி சாகும், டிஎன்ஏ போகாது. இல்லாத ஒரு கொலைகாரியை வருஷக்கணக்கா தேடியிருக்காங்க. அந்த போலீஸ் கொலையை செஞ்சது நியோ நாஜி கும்பல்னு 2011ல தெரிஞ்சுது, செத்த பெண் போலீஸோட துப்பாக்கி அவனுங்க வண்டிலயே கிடைச்சுது.

டெஸ்ட்ல ஒரு தப்பும் இல்ல பாருங்க, மெஷின் சரியாதான் சொல்லிச்சு. அதான் பயமா இருக்கு.


கோர்ட்_கேன்டீன்_டீ:

சிவா சொன்னதுதான் நெல்லை தம்பிக்கு பதில். இந்த டிஎன்ஏ உன்னோடதான்னு ரிப்போர்ட் சொல்லும், அது எப்படி அங்க வந்துச்சுன்னு சொல்லாது. அமெரிக்கால கலிஃபோர்னியால 2012ல ஒரு பணக்காரர் கொலைல அவர் நகத்துல ஒருத்தனோட டிஎன்ஏ கிடைச்சு அவனை மாசக்கணக்கா உள்ள வெச்சாங்க, அப்புறம் பார்த்தா கொலை நடந்த நேரம் அவன் ஃபுல் போதைல ஆஸ்பத்திரில படுத்திருக்கான். அவனை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு போன அதே ஆளுங்கதான் சில மணி நேரம் கழிச்சு கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்காங்க, அவங்க மூலமாதான் ஒட்டிக்கிட்டு போயிருக்கணும்னு முடிவு பண்ணாங்க. ஒரு சொட்டு ரத்தத்துல இருந்து வர்ற டிஎன்ஏ வேற, தொட்டதுல ஒட்டற நாலு செல்லுல இருந்து வர்றது வேற. முதல் ரகத்தை உடைக்கறது கஷ்டம், ரெண்டாவது ரகத்துல எங்களுக்கு நிறைய கேள்வி இருக்கும்.


பழைய_பேப்பர்_கலெக்டர்:

எல்லாரும் டிஎன்ஏ டிஎன்ஏன்றீங்க, அது எதுவும் இல்லாத காலத்துல நம்ம மெட்ராஸ்ல நடந்த ஆளவந்தார் கேஸ் யாருக்கும் ஞாபகம் இல்லையா. 1952 ஆகஸ்ட், பேனா வியாபாரி ஆளவந்தாரை காணோம். போட் மெயில் ரயில்ல ஒரு ட்ரங்க் பெட்டில இருந்து ரத்தம் கசிஞ்சு நாத்தம் வந்து மானாமதுரைல இறக்கி திறந்தா தலையில்லாத உடம்பு. தலை ராயபுரம் கடற்கரைல கிடைச்சுது. ரெண்டையும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல வெச்சு ஒரே ஆள்தான்னு டாக்டர் சொன்னார். அவர் முன்னாடி ராணுவத்துல இருந்தவர், அதனால கைரேகை ரெக்கார்டுல இருந்துச்சு, விரலை ஒப்பிட்டு யாருன்னு உறுதி பண்ணிட்டாங்க. கழுத்து வெட்டு, பல்லு, ரேகை, இவ்ளோதான் டெக்னாலஜி.

1991 ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ் காந்தி கொலைலயும் அதே மாதிரிதான் யோசிச்சுப் பாருங்க. சிதறிக் கிடந்த துணி, ஒயரு, ஸ்டீல் குண்டு இதையெல்லாம் பொறுக்கி சேர்த்து பெல்ட்டுல குண்டு கட்டியிருந்தது ஒரு பொண்ணுன்னு நம்ம தமிழ்நாடு தடய அறிவியல் துறை சந்திரசேகரன் டீம் சொல்லிச்சு. செத்துப் போன போட்டோகிராபர் ஹரிபாபுவோட கேமரா உடையாம கிடந்தது பெரிய அதிர்ஷ்டம், அந்த ஃபிலிம் இல்லாம கேஸ் இந்த அளவு போயிருக்குமான்றது என் சந்தேகம்.


வேதியல்_வாத்தி:

கைரேகைன்னதும் ஒண்ணு சேர்த்துக்கறேன், கதைக்காரன் தம்பிக்கு விஷுவலா யூஸ் ஆகும். கண்ணாடி டம்ளர்ல பவுடர் தூவறதை எல்லாரும் காட்டிட்டாங்க. பேப்பர்ல பவுடர் அவ்வளவா நிக்காது, அதுக்கு நின்ஹைட்ரின், வேர்வைல இருக்கற அமினோ ஆசிடோட சேர்ந்து ரேகை ஊதா கலர்ல மெதுமெதுவா எழும்பி வரும். பிளாஸ்டிக் கவருக்கு ஃபெவி க்விக் மாதிரியான பசை, அதே சயனோஅக்ரிலேட்தான், மூடின பெட்டிக்குள்ள சூடு பண்ணினா ஆவி ரேகை மேல படிஞ்சு வெள்ளையா கெட்டியாகும். பத்து ரூபா பசைல இப்படி ஒரு வேலை.

ஆனா இதுலயும் மனுஷன்தான் கடைசில பார்த்து சொல்லணும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புல பிளாஸ்டிக் பைல கிடைச்ச ஒரு ரேகையை அமெரிக்கால ஒரு வக்கீலோடதுன்னு எஃப்பிஐ அடிச்சு சொல்லி உள்ள வெச்சுது, ஸ்பெயின் போலீஸ் இல்ல இல்ல இது வேற ஆள்னு காட்டின பிறகு மன்னிப்பு கேட்டாங்க.


சும்மா_எட்டிப்_பார்த்தேன்:

இவ்ளோ கஷ்டம் எதுக்கு, நார்கோ ஊசி போட்டா அவனே உண்மையை கக்கிட போறான்


கோர்ட்_கேன்டீன்_டீ:

@சும்மா_எட்டிப்_பார்த்தேன் ஆள் சம்மதம் இல்லாம நார்கோ, பொய் கண்டறியும் மெஷின், பிரெயின் மேப்பிங் மூணும் கூடாதுன்னு 2010லயே செல்வி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. சம்மதிச்சு பண்ணினாலும் அவன் சொன்னதை அப்படியே சாட்சியமா எடுத்துக்க முடியாது, அவன் சொன்னதை வெச்சு பொருள் ஏதாவது கிடைச்சா அதை எடுத்துக்கலாம். மயக்கத்துல உளர்றவன் உண்மையைத்தான் உளறுவான்னு யார் சொன்னா? டாஸ்மாக் வாசல்ல போய் பாருங்க.


கரூர்_கதைக்காரன்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. சீனை மாத்திட்டேன். எக்ஸ்பர்ட் ஒரு லேடி, லூமினால் அடிக்கறாங்க, லேசா மின்னுது, வில்லன் சிரிச்சுட்டே "பாத்ரூம் ப்ளீச்சு மேடம்"ன்றான், அவங்க பதிலே பேசாம கொடில காயற சட்டையை எடுத்து பட்டனை திருப்பி பார்க்கறாங்க. சட்டை இன்னும் ஈரமா இருக்கு, அதை பளிச்னு ட்ரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஜிப் இழுக்கற க்ளோசப்போட கட். ஆறு மாசம் கழிச்சு கோர்ட். ஓகேவா ஐயா?


சீராலஜி_பெரியவர்:

எல்லாம் ஓகே, அந்த பிளாஸ்டிக் கவரை மட்டும் தூக்குங்க. ஈரத்துணியை பிளாஸ்டிக்ல போட்டு மூடினா ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிச்சு பாக்டீரியா தின்னு தீர்த்துடும், வக்கீலம்மா சொன்ன "அறுதியிட்டுக் கூற இயலவில்லை"க்கு பாதி காரணம் இதுதான். பார்சலை பிரிக்கும்போதே நாத்தம் அடிச்சா எங்களுக்கு தெரிஞ்சுடும் இதுல ஒண்ணும் தேறாதுன்னு. நிழல்ல காத்தாட உலர்த்தணும், வெயில்ல போடக்கூடாது, ஃபேன் காத்தை நேரா வைக்கக்கூடாது. காஞ்ச பிறகு பிரவுன் பேப்பர்ல மடிச்சு, கறை பட்ட பக்கம் இன்னொரு பக்கத்தோட ஒட்டாம நடுவுல ஒரு தாள் வெச்சு, கவர்ல போட்டு அரக்கு சீல். அந்த சீலோட மாதிரி ஒண்ணு லெட்டர்லயும் இருக்கணும், லேப்ல பார்சல் வாங்கறவர் ரெண்டையும் ஒத்துப் பார்த்துட்டுதான் கையெழுத்து போடுவார்.

தரைல இருந்து எடுக்கற மாதிரி ஷாட் வெச்சா, பஞ்சை காய்ச்சி வடிச்ச தண்ணில லேசா நனைச்சு கறை மேல உருட்டி எடுக்கணும், அதே மாதிரி கறை இல்லாத பக்கத்து தரைல இன்னொரு பஞ்சு, அது கன்ட்ரோல், நிறைய பேர் மறக்கறது. அப்புறம் செத்தவரோட ரத்தம் போஸ்ட்மார்ட்டம் பண்ணும்போதே தனியா எடுத்து வெச்சிருக்கணும், அது இல்லாம சட்டைல டிஎன்ஏ கிடைச்சு யாரோட ஒப்பிடறது.


கரூர்_கதைக்காரன்:

பிரவுன் பேப்பர் நோட் பண்ணிட்டேன் ஐயா. ப்ராப்பர்ட்டிக்கு செலவும் மிச்சம். அரக்கு எங்க கிடைக்கும்?


சீராலஜி_பெரியவர்:

ஸ்டேஷனரி கடைல கேளுங்க, போஸ்ட் ஆபீஸ் சீல் அரக்குன்னா கொடுப்பாங்க. மெழுகுவர்த்தில உருக்கும்போது பேப்பர் பத்திக்காம பார்த்துக்கோங்க, சீல் வைக்க முத்திரை இல்லன்னா பழைய நாணயம் வெச்சு அமுக்குங்க, கேமராவுக்கு தெரியாது.